சட்டைப் பையில் வைத்த மாத்திரை

என்னங்க,

சிறுசேரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். எழுந்ததும் டீ வேண்டாம். நான் பேனாவால் வட்டமிட்ட மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரைமணி கழித்து இட்லி சாப்பிடுங்கள். கிருமிக்கான மாத்திரைகள் அதற்குப் பிறகு. பதினான்கு நாளில் ஒருவேளைகூட விடக்கூடாது.

“உன் காரக்கொழம்புதான் வவுத்த புண்ணாக்கிடுச்சி” என்று நான்கு மாதமாகத் திட்டினீர்கள். நானும் மிளகாயையே நிறுத்தினேன். நேற்று வாய்வழியாக வயிற்றுக்குள் டியூப் விட்டுப் பார்த்த டாக்டர், கிருமியும் தினமும் போட்ட இடுப்புவலி மாத்திரையும் சேர்ந்துதான் புண் என்றார்.

“யாரு சொல்லி அத போட்டீங்க?” என்று அவர் கேட்டார்.

“நானாத்தான் சார் வாங்கிப் போட்டுகினேன்” என்றீர்கள்.

தினமும் அதை உங்கள் சட்டைப் பையில் வைத்தவள் நான்.

துர்கா

மலம் கறுப்பாகப் போனால் உடனே போன் செய்யுங்கள். டாக்டரிடம் என்னை மறைத்ததுபோல் என்னிடம் அதையும் மறைக்காதீர்கள்.