மத்தாப்புப் பெட்டியில் பாப்பா முகம்

சிவகாசி
9.6.2025

அன்புள்ள சொர்ணத்துக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் அண்ணன் சோலைமலை வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். கிட்டத்தட்ட மூன்று வருஷமாக வாய் திறக்காத மனுஷன் தன் வேலை நடக்க வேண்டும் என்றதும் எழுதுகிறான் பார் என்று நினைப்பாய். உண்மைதான், வேலைதான்.

பட்டாசுக் கம்பெனி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி நம் பாப்பா படம் போட்ட கம்பி மத்தாப்பை இந்தத் தீபாவளிக்குப் பரிசுப் பெட்டியாகக் கொண்டுவருகிறார். இதுவரை உள்ளங்கை அகலத்தில் வந்த பெட்டி இனி இரண்டு சாண் அகலம். லேபிளை நான்தான் செய்ய வேண்டும். பழைய ஃபைலைக் கோரல் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் திறந்து, பெரிதாக்கி, எக்ஸ்போர்ட் கொடுத்தேன். கம்பெனிப் பெயர் கத்தி போல வந்தது. நான் வரைந்த பூப்பொறியும் அப்படியே வந்தது. பாப்பா முகம் மட்டும் கலங்கிவிட்டது.

புள்ளி நெருக்கத்தைக் கூட்டி முந்நூறு டிபிஐ வைத்தேன், அறுநூறு வைத்தேன். பிடிஎஃப் ஆக எடுத்தேன், டிஃப் ஆக எடுத்தேன். எதுவும் சரிப்படவில்லை. அச்சகத்தில் பக்கத்து சீட்டு நிஜாம் வந்து பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். கோரலில் வரைந்த கோடும் எழுத்தும் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. போட்டோ அப்படியில்லை, எண்ணி வைத்த புள்ளிகள்தான். நீ எடுத்த படத்தை அன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். அது சுருக்கி அனுப்பிவிட்டது. என்னிடம் இருப்பது வெறும் எண்பது கேபி. ஒரு ஆளுக்கு வைத்த ரசத்தைப் பத்துப் பேருக்கு ஊற்றினால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். சின்னப் பெட்டியில் மூன்று வருஷமும் அது யாருக்கும் தெரியவில்லை.

அசல் படம் உன் பழைய போனில் இருக்கும். அதை அனுப்பினால் போதும். வருகிற ஆனி இருபதோடு பாப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கும் தேதி மறக்கவில்லை.

இப்படிக்கு,
சங்கரபாண்டியன்


காரியாபட்டி
16.6.2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

சொர்ணலட்சுமி எழுதுவது. கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம். உங்களுக்கு வயிற்று வலி எப்படி இருக்கிறது? கடைப் பரோட்டாவை விட்டீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நான் இங்கே ஒரு தையல் கடைக்குப் போகிறேன். ஜூன் மாதம் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைதான். பிள்ளைகளை நிறுத்தி அளவு எடுப்பது என் வேலை. ஆறு வயசுப் பிள்ளைகளை எடுத்துவிடுவேன். ஒன்பது வயசுப் பிள்ளை வந்து நின்றால் கை ஓடுவதில்லை. பிரீத்திக்கு இப்போது ஒன்பது. தோள் அகலம் எவ்வளவு வந்திருக்கும் என்று மனசு தானாக அளந்துவிடுகிறது.

போன தீபாவளிக்கு அண்ணன் யார் படம் என்று கவனிக்காமல் அந்தப் பெட்டியை வாங்கிவந்துவிட்டார். அவர் பிள்ளைகள் மூடியைக் கிழித்துத்தான் திறந்தார்கள். பிள்ளைகள் வேறு எப்படித் திறப்பார்கள்? மறுநாள் காலையில் மழை. தெருவைப் பார்த்தால் வாசலுக்கு வாசல் நம் பிள்ளை நனைந்து கிடக்கிறாள். சாக்கடை ஓரத்தில் ஒன்று, டீக்கடை முன்னால் ஒன்று. நான் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பதினோரு மூடி. அண்ணன் வந்து, "ஏத்தா, எல்லாரும் பாக்காக, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

சிவகாசியில் பெட்டிக்குப் பெட்டி ஏதோ ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கேயோ வளர்ந்துகொண்டிருக்கும். நம் பிள்ளை மட்டும் ஏன் வருஷா வருஷம் தெருவில் கிடக்க வேண்டும்? வேறு படம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் போன் சார்ஜ் ஏறுவதில்லை.

சொர்ணலட்சுமி


சிவகாசி
21.6.2025

அன்புள்ள சொர்ணம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் வேலை ஓடவில்லை. பதினோரு மூடியை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னைத் தொந்தரவு செய்யாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். மங்கலான படத்தைத் தெளிவாக்கும் ஏஐ ஒன்று இருக்கிறது என்று நிஜாம் அதில் போட்டுக் கொடுத்தான். ஒரு நிமிஷத்தில் பளபளவென்று வந்தது. கண்ணிமை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. சிரிப்பைப் பார்த்தேன். அன்றைக்குப் பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்ததே, அந்த இடத்தில் வரிசையாகப் பல்லை வைத்துவிட்டது. முளைப்பதற்குள் போய்விட்ட பல். நான் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டேன். நிஜாம் அதை அழித்துவிட்டான்.

பிறகு போட்டோவே வேண்டாம் என்று முகத்தைக் கோட்டிலேயே வரைந்தேன். இரண்டு நாள் ஆனது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கலங்காது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யார் வீட்டுப் பிள்ளையோ போல இருந்தது.

அண்ணாச்சி நேற்று வந்து பார்த்தார். "ஏலே சங்கரு, மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுது. மாசக் கடைசிக்குள்ள நல்ல படம் குடு. இல்லேன்னா வேற பிள்ளை படத்தைப் போட்டுருவோம். எனக்கும் மனசு வரல, ஆனா சீசன் நமக்காக நிக்காதுலே" என்றார். அவர் மேல் தப்பில்லை. இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது.

உனக்கு அவள் தெருவில் கிடப்பது தெரிகிறது. எனக்குத் தெரிவது வேறு. ஒரு ஷீட்டில் பன்னிரண்டு முகம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்றால் பாப்பா பன்னிரண்டு பன்னிரண்டாக வந்துகொண்டே இருப்பாள். முதல் வருஷம் பதினாறாம் நாள் முடிந்து நான் நேரே அச்சகத்துக்குப் போய் அந்த லேபிளுக்கு ஓகே போட்டேன் என்றுதானே நீ வீட்டை விட்டுப் போனாய்? வீட்டில் அவளைக் காணவில்லை, அங்கே இருந்தாள், அதனால் போனேன். இந்த வருஷம் வேறு பிள்ளையைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எங்கேயும் இருக்க மாட்டாள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை, சொர்ணம். கெஞ்சித்தான் கேட்கிறேன். அந்த ஒரு படத்தைக் கொடு.

சங்கரபாண்டியன்


காரியாபட்டி
27.6.2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

போன் சார்ஜ் ஏறாது என்று எழுதியது பொய். ஏறும். மாதம் ஒரு தடவை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பேன். பார்க்க முடியாமல் அணைத்துவிடுவேன்.

நீங்கள் பார்த்தது சின்னப் படம். சின்னப் படத்தில் அவள் சிரிக்கிறாள். கன்னம் சிவந்திருக்கிறது. அண்ணாச்சி அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தானே இந்தப் படம்தான் வேண்டும் என்றார்? அசல் படத்தில் அது சிவப்பு இல்லை, காய்ச்சல். உதடு வெடித்து ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. நெற்றியில் முடி வேர்வையில் ஒட்டியிருக்கிறது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண் சிரிக்கவே இல்லை. என்னைப் பார்க்கிறாள். போதும்மா என்கிறாள்.

நீங்கள் என்னைக் கோபக்காரி என்று நினைத்திருக்கிறீர்கள். நீங்கள் லேபிளுக்கு ஓகே போட்டதற்காக நான் வீட்டை விட்டு வந்துவிடவில்லை. படம் எடுத்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலையில் பல் தேய்க்கும்போதே அவள் உடம்பு சுட்டது. உங்களிடம் நான் சொல்லவில்லை. வெயில் சூடு என்று நினைத்தேன். படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போகலாம், அவர் ஒரு மணி வரைக்கும் இருப்பார் என்று கணக்குப் போட்டேன். வெறும் கம்பியைக் கையில் கொடுத்து நிறுத்தினோம். "கொளுத்துங்கப்பா, கொளுத்துங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறியை அப்பா கம்ப்யூட்டரில் போடுவார் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். எடுத்து முடித்துப் போனபோது டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள்தான் பார்த்தோம். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் நான் மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் எனக்குத் தெரிவதில்லை. அவளுக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நான்தான் தெரிகிறேன். உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் இதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் வந்தேன். நீங்களாவது அவளைச் சிரித்த முகமாக வைத்திருங்கள் என்று விட்டுவிட்டேன். நீங்கள் கெஞ்சி எழுதிய பிறகு மறைக்க எனக்கு மனசில்லை.

போனில் இருந்த மெமரி கார்டைச் சீருடைத் துணியில் பொதிந்து பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு படத்தைத் தவிர மற்றதை நான் திறந்ததில்லை. பெட்டியில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை முகத்தைப் பாருங்கள்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
5.7.2025

அன்புள்ள சொர்ணம்,

கார்டு முப்பதாம் தேதியே கிடைத்தது. மேஜை டிராயரில் வைத்துவிட்டு நான்கு நாள் திறக்கவில்லை. அண்ணாச்சியிடம் இரண்டிரண்டு நாளாகத் தவணை கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ஆனி இருபது, அவள் போன நாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கம்ப்யூட்டரில் போட்டேன்.

பெட்டியில் வந்த படத்தை முதலில் பார்த்தேன். நீ எழுதியது எல்லாம் இருக்கிறது. பெட்டிக்கு வேண்டிய தெளிவு அதில் இருக்கிறது, வேண்டியதைப் போல இரண்டு மடங்கே இருக்கிறது. உதட்டைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். மூன்று வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுதது எந்தப் பிள்ளையை என்று தெரியவில்லை.

நீ ஒரு படத்தைத்தான் பார்த்தாய். கார்டில் நாற்பத்தொன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் எடுத்த நேரமும் இருக்கிறது. பெட்டியில் வந்தது ஒன்பதாவது படம். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கடைசிப் படம் ஒரு மணி ஐந்து நிமிஷம். ஒன்பதாவதிலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு தடவை, "இன்னும் ஒண்ணே ஒண்ணு சொர்ணம்" என்று சொன்னது யார்? நீ இல்லை. கையில் வெளிச்சத்துக்கு எமர்ஜென்சி லைட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன். இருபதாவது படத்துக்குமேல் அவள் கம்பியைத் தூக்கவே இல்லை. முப்பத்தாறில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பதில் நீ போனைத் தாழ்த்திவிட்டாய், படத்தில் அவள் பாதம் மட்டும் இருக்கிறது. நாற்பத்தொன்றில் மறுபடி நிற்கிறாள். நான் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும், ஓரத்தில் என் கை தெரிகிறது.

பதினொன்று ஐம்பத்திரண்டோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கு டாக்டரைப் பார்த்திருக்கலாம். நீ ஒரு மணியைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாய். அந்தக் கணக்கைத் தின்றவன் நான். இதை நான் மறந்தே போயிருந்தேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதில் பெரிய பங்கு என்னுடையது. அதை என்னிடம் கொடு.

சாயந்தரம் அண்ணாச்சியிடம் படம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு படம் வைக்கச் சொன்னார். விலைக்கு விற்கிற படங்களில் இருந்து வேறு ஒரு பாப்பாவை எடுத்து நானே வைத்தேன். எக்ஸ்போர்ட் கொடுத்தேன், குறையில்லாமல் வந்தது. ஓகே போட்டுவிட்டேன். பழைய லேபிளின் அச்சுப் பிளேட்டை வெட்டிப் போடச் சொல்லிவிட்டேன்.

கார்டைத் தபாலில் அனுப்ப பயமாக இருக்கிறது. வருகிற பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் வழியாக பஸ் பிடித்துக் கொண்டுவந்து தருகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சோலைமலை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சங்கரபாண்டியன்


காரியாபட்டி
9.7.2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

நாற்பத்தொன்று என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் தையல் கடைக்குப் போகவில்லை. எனக்கு ஒன்றிரண்டு படம் எடுத்ததாகத்தான் ஞாபகம் இருந்தது. மற்றதையெல்லாம் மனசு எப்படி மூடி வைத்தது என்று தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒன்று என்றீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும், "சிரி ஆத்தா, சிரி" என்றேன். பங்கு பிரிக்கிற விஷயம் இல்லை இது. ஆனாலும் நீங்கள் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டை போகிறார்கள். நான் வீட்டில் இருப்பேன். வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள். இங்கே சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

மற்ற நாற்பதையும் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டீர்கள். என்னால் தனியாக முடியாது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் பார்க்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் தனியாகத் திரும்புவீர்களா, நானும் கூட வருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பார்த்து முடித்துவிட்டுப் பேசுவோம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கும்போது பெரிதாக்க வேண்டாம். இருக்கிற அளவிலேயே பார்ப்போம்.

சொர்ணம்