தலையைத் தூக்கினேன்

பத்தோஸ், அல்பேனியா

மிமோசா,

மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். கிணற்றுத் தண்ணீரில் அதே எண்ணெய் வாடை.

நானா திறக்கச் சொன்னேன்? எண்ணெய்க் குழாயின் வால்வைத் திறக்கலாமா என்று புது வெளிநாட்டு இன்ஜினியர் சைகையில் கேட்டார். ஒரே இரைச்சல். நம் வழக்கப்படி தலையை மேலே தூக்கி, வேண்டாம் என்றேன். அவர் ஊரில் அதற்கு ‘சரி’ என்று அர்த்தமாம். குழாயருகே உன் தம்பி பெஸ்னிக் நின்றிருந்தான். அப்புறம் தீ.

முந்தின நாள்தான் கிண்டலடித்தான்: “மச்சான், அந்தாளுகிட்ட தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து பேசுங்க!” சிரித்தேன்.

திரானா ஆஸ்பத்திரியில் அவன் முகத்துக் கட்டைப் பிரித்ததும், என்னை மன்னித்தானா என்று கேள். தலையசைத்தான் என்று மட்டும் எழுதிவிடாதே. அவன் வாய்விட்டுச் சொன்னதை எழுது, வசவாக இருந்தாலும் சரி.

உன் வீட்டுக்காரன்