‘நாடோடி’க்கு இரண்டாம் பொருள்

மார்ச் 4

அகராதித் திருத்தம் ‘நா’வுக்கு வந்துவிட்டது. தட்டச்சு செய்யும் பெண் ‘நாடோடி’யில் நின்றுவிட்டாள். 1. ஓரிடத்தில் தங்காமல் இடம்பெயர்ந்து வாழ்பவர். 2. நம்பத்தகாதவர்.

“சார், ரெண்டாவது அர்த்தத்துக்கு ஆதாரம் போடலையே?”

“பேச்சு வழக்கும்மா.”

“யார் தொடுத்த வழக்கு சார்?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 5

நாடு + ஓடி. நாடெல்லாம் ஓடுபவர். வேர் அவ்வளவுதான். நாடோடிக் கதை, நாடோடிப் பாட்டு என்று கௌரவமாக ஒட்டுகிற சொல், மனிதர்மேல் ஒட்டும்போது மட்டும் ஏன் வசவாகிறது?

மார்ச் 7

சொல்லட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இரண்டாம் பொருளுக்கு ஒரே ஒரு அட்டை. பத்தொன்பது வருடப் பழசு. என் கையெழுத்து. ‘வீட்டில் கேட்டது.’

கேட்டதா? சொன்னதே நான்தானே! தங்கை தான் கட்டிக்கொள்ளப்போகிறவரை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று — கூடாரத்தில் பிறந்தவர், ஊர் ஊராகப் போய்ச் சாணை பிடிக்கிற குடும்பம் — “நாடோடிப் பயலை நம்பிப் போறியா? பாதி வழில விட்டுட்டு ஓடிடுவான்”னு கத்தினேன். மறுநாள் ஆபீஸ்ல உக்காந்து அதையே அட்டையில எழுதியிருக்கேன். சீ! ரெண்டு பதிப்பு. எத்தனை பிள்ளைங்க மனப்பாடம் பண்ணியிருக்கும்?

அவர் விட்டுவிட்டு ஓடவில்லை. இத்தனை வருடமாக அவளை எட்டிப் பார்க்காதவன் நான்.

மார்ச் 8

தலைமைப் பதிப்பாசிரியரிடம் அட்டையைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். “யாருய்யா பார்க்கப் போறா? சத்தமில்லாம எடுத்துடுங்க” என்றார். முடியாது, பிழை என்று முன்னுரையில் போட வேண்டும், செய்தவன் பெயரோடு என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

மார்ச் 9

தங்கைக்குப் போன் பண்ணவில்லை. தைரியம் இல்லை.

மார்ச் 15

பண்ணினேன். எடுத்தது அவள் கணவர். மன்னிப்புக் கேட்கத் திறந்த வாய், பழக்க தோஷம், “உங்க மொழியில உங்களை என்னன்னு சொல்லிப்பீங்க?” என்று கேட்டது.

“எங்களுக்குத் தனியா பேர் வெச்சுக்கல மச்சான். உங்களுக்குத்தான் வெச்சிருக்கோம்.”

“என்னன்னு?”

“கதவைச் சாத்துறவங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அதற்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

போனேன். தங்கைக்கு முன்தலை நரைத்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முகம் பார்க்கவில்லை. நின்றபடியே குடித்தேன். உட்கார எந்த முகம்?

கிளம்பும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த தடவை அண்ணியையும் கூட்டிட்டு வா.”