பயமே இல்லைன்னு சொல்லாதீங்க

கெம்பபாசி அப்பாவுக்கு,

பிள்ளை கெம்பபாசிக்குக் கூழ் அடுப்பில் மூடி வைத்திருக்கிறேன். கொரில்லா பார்க்க வந்து நம் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளிகள் இருவருக்கும் அவித்த உருளைக்கிழங்கும் அவரைக்கொட்டையும் கட்டிக்கொடுங்கள். கொரில்லாக் கூட்டம் எங்கே படுத்திருந்தது என்று பார்க்க நான் முன்னால் போகிறேன். நான் போய் இடம் பார்க்காவிட்டால் விருந்தாளிகள் காடு முழுக்க அலைவார்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது நீங்கள் அவர்களிடம், "குறைஞ்ச செலவு, ஒரு கவலையும் வேண்டாம், பயமே இல்ல" என்றீர்கள். அதற்குத்தான் உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்றுக் காட்டில் பெரிய ஆண் கொரில்லா என்மேல் பாய்ந்து வந்தது. கூட்டத்தில் புதுக் குட்டி இருப்பது தெரியாமல் கிட்டப் போய்விட்டேன். "ஓடாதீங்க, குனிஞ்சு உட்காருங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தரும் நானே ஓடினேன், விழுந்தேன். அதன் மூச்சு என் கழுத்தில் பட்டது. பிறகு அதுவாகவே திரும்பிப் போனது.

விருந்தாளிகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பயம் வரும், வந்தாலும் ஓடக்கூடாது.

நின்சீமா

மறந்துவிட்டேன்: யாருக்காவது இருமல் இருந்தால் காட்டுக்கு அனுப்பாதீர்கள், கொரில்லாக்களுக்குத் தொற்றிவிடும்.

இன்னொன்று. கோபத்தில் உங்களை எழுப்பாமல் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எழுப்பி, "போகாதே" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் போகவே மாட்டேன்.