இல்லாத காமாலை

ஆகஸ்ட் 9, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து விளக்கைப் போட்டு எழுதுகிறேன். பக்கத்தில் தூங்குகிற இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும். பகலில் இதைத் திறக்க முடிவதில்லை.

புழுக்கம். மழை வருவது போல் வந்து போய்விட்டது. கூலர் இருந்தும் பயனில்லை.

நம்மூர்ச் சாமான் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்க: இட்லி அரிசி, வற்றல் மிளகாய், அப்பளம். அப்பளம் வேண்டாம். பொரிக்க முடியாது.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம். டாக்டர் சொன்ன பெயர் மனச்சிதைவு. நான் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியிருப்பது மஞ்சள் காமாலை. அவர் ஆபீஸுக்கும், மதுரையில் அம்மாவுக்கும் அதேதான். டி.பி. என்றால் ஒதுங்குவார்கள். காமாலை என்றால் மோர் கொடுத்தனுப்புவார்கள். பி.எஸ்ஸி. படித்த மூளை இதற்குத்தான் உபயோகப்பட்டது.

மோர் வந்தது. மேல் வீட்டு மாமி தினமும் பார்க்கில் கீழாநெல்லி பறித்து, அரைத்து, உருண்டையாக எடுத்து வருகிறார். மாமி எதிரிலேயே இவர் விழுங்க வேண்டும். மாத்திரையோடு இதையும் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்கக்கூட வெட்கம்.

இன்று விழுங்கிவிட்டு, மாமி போன பிறகு கேட்டார்: “உமா, இல்லாத நோய்க்கு எத்தனை நாள் மருந்து சாப்பிடணும்?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆக. 11, புதன்

காலையில் நல்ல மழை. ஸ்கூலில் என் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி கேட்டார். அவராக ஒன்றைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. போடவில்லை. எண்ணெய் வாசனை நேரே மாடிக்குப் போகும். காமாலைக்காரனுக்குப் பஜ்ஜியா என்பார் மாமி. வாழைக்காயை வேகவைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

மகள் நித்யாவைப் பற்றி ஒரு கணக்கு. பன்னிரண்டு மணிக்கு ரிக்ஷா அவளை விட்டுப்போகும். எனக்கு ஸ்கூல் விட இரண்டு. நடுவில் மாமி வீடு. மாமி இல்லையென்றால் இந்த வேலை இல்லை. இவரோ சம்பளமில்லாத லீவில்.

“நானே பாத்துக்கறேனே” என்று போன வாரம் சொன்னார். மாத்திரையில் மத்தியானம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவீர்கள் என்றேன். அது காரணம்தான். அது மட்டும் காரணமில்லை. அவருக்கும் தெரியும்.

ஆக. 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு மாமி உருண்டையோடு வந்தார். இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்.

“பேஷ்! கண்ணு பளிங்காட்டம் வெளுத்துடுத்து. பாத்தியா உமா, டாக்டருக்கெல்லாம் கொட்டிக் குடுத்தேளே, என் கீழாநெல்லி ஜெயிச்சுது.”

இவர் உருண்டையை வாங்கி மேஜைமேல் வைத்தார். நிதானமாக, பஸ் நம்பர் சொல்கிற குரலில்:

“மாமி, எனக்குக் காமாலையே இல்ல. மனசுக்குத்தான் வைத்தியம். யாரோ திட்டற மாதிரி காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப மாத்திரையில அடங்கியிருக்கு. நீங்க வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு பறிக்கிறீங்க. பாவமா இருக்கு, அதான் சொல்றேன்.”

மாமி என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: “மாமி, காமாலை தலைக்கேறிடுச்சு போல. ஏதோ உளர்றாரு.”

சொன்னேன். நானேதான். யோசிக்கக்கூட இல்லை.

மாமி படியேறிப் போய்விட்டார். நித்யா கேட்டாள்: “மம்மி, அப்பா ஜூட் சொன்னாரா?” ஜூட் என்றால் அவள் ஸ்கூல் இந்தியில் பொய். அதைச் சொன்னது யார் என்று குழந்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. பால் குடி என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தட்டைப் பார்த்தபடி:

“நான் உளறினப்பல்லாம் ‘சரிங்க, சரிங்க’ன்னு தலையாட்டின. நிஜத்தைச் சொன்னா உளறலா?”

ஆக. 13, வெள்ளி

மேகமூட்டம். தோசை மாவு புளித்துவிட்டது.

பால் பூத்தில் எதிர் பிளாக் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “தலைக்கேறின காமாலை பொழைக்காதும்பாங்க. நீ தைரியமா இரு தாயி.” நான் தலையாட்டினேன். என் பொய் ஒரே ராத்திரியில் இவரைச் சாகக் கிடப்பவராக்கிவிட்டது.

நித்யாவை அழைத்துவர மாடிக்குப் போனால் மாமி கதவைப் பாதி திறந்தபடியே நின்றார்.

“உமா, ரெண்டுல எது நெஜம்னு நேக்குத் தெரிஞ்சாகணும். கொழந்தையைப் பாத்துக்கறவ நான்.”

“நிஜத்தைச் சொன்னா அதுக்கப்புறமும் பாத்துப்பீங்களா மாமி?”

“அதை நீ சொல்லாம நான் எப்படிடி சொல்றது?”

நியாயம்தான். அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடி வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கல்யாணம் ஆன புதிதில் இவர் ஒரு பொய்கூடச் சொல்லமாட்டார் என்று என் கூடப்பிறந்த அக்காவிடம் குறைப்பட்டிருக்கிறேன். வியாதி அந்தக் குணத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஆக. 14, சனி

ஆஸ்பத்திரி. அவருக்கு ஊசி போட்டார்கள். எடை கூடியிருக்கிறது. கை நடுக்கம் குறைவு. கீழாநெல்லியை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை.

சனிக்கிழமைகளில் நோயாளிகளின் வீட்டார் உட்காருகிற அறையில், மகனைக் கூட்டிவரும் பஞ்சாபி ஆண்ட்டி. நடந்ததைக் கேட்டுவிட்டு இந்தியில் ஆரம்பித்தார். முதல் வருஷம் டி.பி. என்றாராம். அடுத்த வருஷம் பையன் துபாயில் இருக்கிறான் என்றாராம். பையன் பால்கனியில் துணி காயப்போடுவதைத் தெருவே பார்த்ததாம். “அப்புறம் நிஜத்தைச் சொல்லிட்டேன் மகளே. பாதிப் பேர் வர்றதில்ல. டீத்தூள் மிச்சம்.”

அறையில் எல்லோரும் சிரித்தோம். இவரும்.

சிரித்துவிட்டு ஆண்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். வராத பாதியில் அவருடைய சொந்தத் தங்கையும் உண்டாம்.

பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்று ஏறியது. பையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் துப்பட்டாவால் மூடினேன். இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

ஆக. 15, ஞாயிறு

லீவு. மொட்டை மாடியெல்லாம் சுதந்திர தினப் பட்டம், கத்தல். நித்யாவுக்கு அவர் நூல் பிடித்துக் கொடுத்தார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார். நான் ஐந்து தடவை எட்டிப்பார்த்தேன். ஐந்தாவது தடவை அவர் பார்த்துவிட்டார்.

மாமியிடம் நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை படியேறினேன். அவர் மகளும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். உள்ளே சிரிப்பு. திரும்பிவிட்டேன்.

சீட்டு எழுதிக் கொடுக்கலாமா என்று இவரிடம் கேட்டேன்.

“எழுது. பாவம், கீவம்னு மட்டும் போடாத. எனக்குக் காட்டு.”

காட்டினேன். ஒரு வரி அடித்தார். மீதி சரி என்றார். மாமி வீட்டுக் கதவடியில் தள்ளிவிட்டு வந்தேன். அதில் இருந்தது, மறக்காமல் இருக்க:

மாமிக்கு, அன்று என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம். உளறல் என்று நான் சொன்னதுதான் பொய். காமாலையும் நான் சொன்ன பொய். அவருக்கு மனச்சிதைவு நோய். ஒரு மாதம் அதற்காகத்தான் ஆஸ்பத்திரி. மருந்து கேட்கிறது. இது தொற்றாது. நீங்கள் கஷ்டப்பட்டுப் பறித்ததற்கும், கேட்டபோது நான் ஓடி வந்ததற்கும் மன்னித்துவிடுங்கள். வேறு யார் கேட்டாலும் நீங்கள் நிஜத்தையே சொல்லலாம். நாளை எனக்கு ஸ்கூல் உண்டு. நித்யாவை உங்களிடம் அனுப்பலாமா, கூடாதா? எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.