இரண்டு வீட்டிலும் பேச்சில்லை

காஸ்தீஷோஸ்,
9 ஏப்ரல் 1997

அன்புள்ள இர்மா,

நலமா? அனிபால் எப்படி இருக்கிறான்? நாங்கள் வீடு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மாண்டெவிடியோ பஸ் நிலையத்தில் நீ முகவரி எழுதிக் கொடுத்த தாள் மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு இன்றுதான் கிடைத்தது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

இருபத்திரண்டு நாள் அந்த வார்டு வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் புருஷனுக்குக் குரல்வளையை எடுத்தார்கள். என் புருஷனுக்குப் பாதி நாக்கையும் தாடையெலும்பில் ஒரு துண்டையும். அப்போதெல்லாம் எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்றுதானே புலம்பினோம்? இப்போது அந்தப் பெஞ்சு பரவாயில்லை என்று தோன்றுகிறது. அங்கே ஏதாவது ஆனால் நர்ஸ் ஓடி வருவாள். இங்கே ஏதாவது ஆனால் நான்தான் ஓட வேண்டும், எங்கே ஓடுவதென்று எனக்கே தெரியாது.

டெல்மிரோவுக்கு மூக்கில் குழாய் இன்னும் இருக்கிறது. பூசணி, இறைச்சி, அரிசி எல்லாவற்றையும் வேகவைத்து மிக்ஸியில் அடித்து வடிகட்டி சிரிஞ்சில் ஏற்றுகிறேன். முதல் நாளே குழாய் அடைத்துக்கொண்டது. வெந்நீர் விட்டுச் சரிசெய்தேன். அவன் என்னைப் பார்த்தபடியே இருந்தான், ஏதோ நான் அவனுக்குத் தெரியாத பொம்பளை மாதிரி.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டாய். மார்பிலிருந்து தோலை எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள் அல்லவா? அதில் முடி முளைக்கிறது! டாக்டர் அப்படித்தான் ஆகும் என்றாராம். டெல்மிரோ பழைய காலண்டர் தாளில் எழுதிக் காட்டினான்: "முப்பது வருஷம் அடுத்தவன் முடிய வெட்டினேன். இப்ப அது என் வாய்க்குள்ளயே கடை போட்டிருக்கு." நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனும் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் மட்டும் போனது. உடனே கையால் மூடிக்கொண்டான்.

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
சுல்மா


பாசோ தே லோஸ் தோரோஸ்,
21 ஏப்ரல் 1997

என் சுல்மா,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். "என்னம்மா, லாட்டரியா?" என்றார். "அதுக்கும் மேல" என்றேன்.

வாய்க்குள் முடியா! உன் டெல்மிரோ எமகாதகன். அப்படி ஒரு பேச்சு அவனிடம் இருக்கிறவரைக்கும் நீ பயப்படாதே.

இங்கே வீடு மாதா கோவில் மாதிரி இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக "இர்மா, என் பெல்ட்டு எங்க, இர்மா, நாய்க்கு வெச்சியா" என்று கத்திக்கொண்டிருந்தவன் அனிபால். இப்போது கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு துணி. மூச்சு அது வழியாகத்தான். சாப்பாட்டில் வாசம் தெரியவில்லையாம். அதைவிட அவனுக்குப் பெரிய துக்கம் வேறு: விசில் அடிக்க முடியவில்லை. மாடு ஓட்டுகிறவனுக்கு விசில்தானே கை கால்? நாய்கள் அவன் முன்னால் வந்து நின்று, என்ன செய்யச் சொல்கிறாய் என்று பார்க்கின்றன. ஒரு தகர டப்பாவைத் தட்டிப் பழக்குகிறான். பெரியது ஒன்று புரிந்துகொண்டுவிட்டது.

குழாயில் ஊட்டும்போது அவன் தலை உயரமாக இருக்கட்டும், முடிந்த பிறகும் அரைமணி நேரம் படுக்க விடாதே. அவன் முன்னால் அழாதே. அழுவதென்றால் கோழிக்கூண்டுக்குப் போ. நான் அங்கேதான் போகிறேன், கோழிகள் யாரிடமும் சொல்வதில்லை.

முத்தங்களுடன்,
இர்மா


காஸ்தீஷோஸ்,
30 ஜூன் 1997

அன்புள்ள இர்மா,

இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னித்துக்கொள். கதிர்வீச்சு சிகிச்சைக்காகத் தலைநகரில் தங்கியிருந்தோம். முப்பது நாள் வைக்க வேண்டும் என்றார்கள். பதினேழோடு வந்துவிட்டோம்.

பதினேழாம் நாள் அவன், கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க மாட்டுகிற அந்த முகமூடியைப் போட்டுக்கொள்ள மாட்டேனென்று நின்றுவிட்டான். வாயெல்லாம் வெந்து, எச்சில் பசைபோல ஆகி, தண்ணீர்கூட நெருப்பாக எரிகிறது அவனுக்கு. நான் கெஞ்சினேன். டாக்டரம்மா கெஞ்சினாள். தாளில் ஒரே வார்த்தை எழுதினான்: "வீடு." நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் படுக்க வைத்திருக்க வேண்டுமோ, தெரியவில்லை.

வந்தபிறகு கொஞ்சம் தேறினான். குழாயை எடுத்தார்கள். கூழும் பாலும் தானே விழுங்குகிறான், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. போன வாரம் கடையைத் திறக்கிறேன் என்று எழுதிக் காட்டினான். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை. பழைய வாடிக்கை பிராவுலியோ முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவர் வாய் உனக்குத் தெரியாது.

"என்னப்பா டெல்மிரோ, நாக்க வாடகைக்கு விட்டுட்டியா? நல்லதுதான் போ, இனிமே உன் பொய்யக் கேக்காம முடி வெட்டிக்கலாம்."

அவன் சிரித்துவிட்டான் இர்மா! வாயைத் திறந்து, பழைய மாதிரி. அந்தச் சிரிப்பில் எச்சில் வழிந்து பிராவுலியோவின் தோளில் கொட்டியது. கிழவர் நல்லவர், "விடுப்பா, மழைனு நெனச்சுக்கறேன்" என்றார். டெல்மிரோ கத்தரியைக் கீழே வைத்தான். பாதி வெட்டிய தலையோடு அவரை அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினான். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஒரே ஒரு நல்ல விஷயம். கன்னமும் தாடையும் அவனுக்கு மரத்துப்போயிருக்கிறது, சவரம் செய்தால் வெட்டுவது தெரிவதில்லை. வலது தோளும் தூக்க வரவில்லை. அதனால் நான் செய்துவிடுகிறேன். ஒரு பார்பருக்கு நான் சவரம் செய்கிறேன் என்றால் பார்த்துக்கொள்! முதல் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைச் சாய்த்துக் காட்டினான். தையல் தழும்பைச் சுற்றி எப்படிப் போவது என்று என் விரலை வைத்தே தடவிக் காட்டினான். அந்தப் பத்து நிமிஷம் அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என்னிடம் கொடுத்துவிடுகிறான். மற்ற நேரமெல்லாம் நான் இந்த வீட்டில் இருக்கிறேனா என்பதே சந்தேகம்.

அன்புடன்,
சுல்மா


பாசோ தே லோஸ் தோரோஸ்,
14 ஜூலை 1997

என் சுல்மா,

பதினேழோடு விட்டதைப் படித்தேன். நீ விட்டிருக்கக் கூடாது. அவன் நோயாளி, அவனுக்கு அப்படித்தான் தோன்றும். நீதானே பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும்? அனிபாலும் மாட்டேன் என்றுதான் சொன்னான். நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முப்பதும் முடித்தான்.

அதன் பலன் இப்போது தெரிகிறது. செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தில் ஒரு எழுத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மடக்குக்கு ஒரு எழுத்து. பேச்சு டீச்சர், இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வந்ததில்லை என்கிறாள். போன ஞாயிறு என் பெயரைச் சொன்னான். இரண்டு மடக்கில், "இர்... மா" என்று. தவளை கூப்பிட்டது போல இருந்தது, எனக்கு அது போதும். அதே அன்று ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்து இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

உன் டெல்மிரோவுக்கும் எல்லாம் வரும். நீ இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இரு. கடையை நீயே திறந்து வை, வந்து நிற்பான் பார்.

முத்தங்களுடன்,
இர்மா


காஸ்தீஷோஸ்,
25 ஜூலை 1997

திருமதி இர்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் பேசுவதும் இரண்டு தட்டுச் சாப்பிடுவதும் கேட்டு மகிழ்ச்சி.

என் கணவர் நேற்று அரைக் கோப்பைப் பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெளியே போ என்று கையைக் காட்டினார். நாற்பத்தொன்பது கிலோ இருக்கிறார். அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கச் சொல்கிறீர்கள். இழுத்தால் சட்டை மட்டும்தான் கையோடு வரும்.

பதினேழோடு விட்டது என் தப்பு என்பது எனக்குத் தெரியும். காலையில் கண் விழித்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த எண்தான். அதைத் தபால் தலை ஒட்டி எனக்கு யாரும் அனுப்பி வைக்க வேண்டியதில்லை.

இனி அங்கே என்ன சமைத்தீர்கள், யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம்.

சுல்மா


காஸ்தீஷோஸ்,
3 செப்டம்பர் 1997

இர்மா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று நான்தானே எழுதினேன்? இருந்தாலும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதே மனசு கேட்கவில்லை. தபால் நிலையத்தில் போய்த் திருப்பித் தரக் கேட்டேன். பை கட்டியாயிற்று என்றாள் அங்கிருந்த பெண். உன் புருஷன் நன்றாக இருப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது இர்மா. அதுதான் உண்மை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே வாரத்தில் அறுவை நடந்தது, உனக்கு மட்டும் ஏன் என்று தோன்றியது. உன்னைப்போல ஒருத்தியைப் பார்த்து அப்படி நினைத்தேனே என்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சவரம் செய்யும்போது இடது காதுக்குக் கீழே என் விரலில் கெட்டியாக ஒன்று தட்டியது. அறுவை செய்யாத பக்கம். நான் அதன்மேல் சோப்பைத் தடவினேன். அவன் கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். "இனிமே வெட்டறதுக்கு இடமில்லம்மா. வலி தெரியாம பாத்துக்கலாம். அவ்வளவுதான் நம்மால முடியும்." சின்னப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் கண் கலங்கினாள். "பதினேழோட நின்னதாலயா?" என்று கேட்டேன். "முப்பதும் முடிச்சவங்களுக்கும் வருதும்மா" என்றாள். எனக்காகச் சொன்னாளா, நிஜமா, தெரியவில்லை.

இப்போது படுத்தால் அவனுக்கு எச்சில் புரையேறுகிறது. நாற்காலியில் சாய்ந்தே இருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று மூடுவதில்லை. கடைசியாக எப்போது தூங்கினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சூப் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாள். உள்ளே வர அவளுக்குப் பயம். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. நீ படித்தால் போதும்.

சுல்மா


பாசோ தே லோஸ் தோரோஸ்,
15 செப்டம்பர் 1997

என் சுல்மா,

நீ 'நீங்கள்' என்று எழுதியது எனக்குச் சுட்டது. ஆனால் நான் எழுதாமல் இருந்தது அதனால் இல்லை. பொய் சொன்னவள் எந்த முகத்தோடு பதில் எழுதுவாள்?

அனிபால் என் பெயரைச் சொல்லவே இல்லை. அவனுக்குப் பேச்சு வந்தது நிஜம். மாட்டுச் சந்தையில் பேசுகிறானாம், ஆட்களைச் சிரிக்க வைக்கிறானாம். கறிக்கடைக்காரன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உன் வீட்டுக்காரன் குரலு மிஷினு மாதிரி இருக்கே இர்மா!" என்றாள். நான் கேட்டிருப்பதுபோலத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தால் சிலேட்டை எடுத்துக்கொள்வான். கழுத்து ஓட்டையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவன் தம்பி நெல்சன் வந்து சுத்தம் செய்கிறான், குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. நான் வெளியே சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு நிற்கிறேன். கதவு கொஞ்சம் திறக்கும், ஒரு கை பாத்திரத்தை வாங்கிக்கொள்ளும், மூடிவிடும். ஆட்டுக்கறியை அவன் தின்றது நிஜம். முதுகைக் காட்டிக்கொண்டு தின்றான்.

அப்படி இருக்கும்போது உன் சவரக் கடிதம் வந்தது. முகத்தை உன்னிடம் கொடுத்துவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுக் கோழிக்கூண்டில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அந்தப் பொறாமையில்தான் அப்படி ஒரு பதில் எழுதினேன். பதினேழைச் சொல்லி உன்னைக் குத்தினதும் அதனால்தான். நான் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. அவனாகத்தான் போனான். என்னை வர வேண்டாம் என்று எழுதிக் காட்டிவிட்டு.

உன் கடைசிக் கடிதத்தை நேற்று மத்தியானம் அவன் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். முழுசும் படித்தேன். அவன் தலை குனிந்தே இருந்தான். "நான் அவகிட்டப் போறேன் அனிபால். எத்தன நாளுனு தெரியாது. நெல்சன் உன்னப் பாத்துக்குவான். நான் இங்க இருந்து உனக்கு என்னதான் ஆகப்போகுது?" என்றேன். கடைசி வாக்கியம் அப்படி வரும் என்று நானே நினைக்கவில்லை.

அவன் காற்றை விழுங்கினான். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. "போ" என்றான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் சொல், சுல்மா. சரி, இவ்வளவுதான் என்று பெட்டியை எடுக்க எழுந்தேன். மேசையை ஓங்கித் தட்டினான். திரும்பினேன். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, மறுபடி விழுங்கினான். வரவில்லை. மறுபடி. அந்தத் துணியை விலக்கி எறிந்துவிட்டு விழுங்கினான். ஓட்டை எனக்கு நேராக இருந்தது, சின்னதுதான், காசளவு.

"வா" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு அது போதவில்லை. "போ... யிட்... டு... வா" என்று நாலு மடக்கில் திரும்பச் சொல்லி முடித்துவிட்டு, களைத்துப்போய்த் தலையை மேசையில் வைத்துக்கொண்டான்.

புதன் காலை இங்கிருந்து கிளம்புகிறேன். வியாழன் மத்தியானம் காஸ்தீஷோஸில் இருப்பேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகு வந்தாலும் வரலாம். நிலையத்துக்கு வராதே, டெல்மிரோவின் கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் யோசனை ஒன்றும் இல்லை. அவனை என்னால் குணமாக்க முடியாது, உன்னாலும் முடியாது. எச்சில் துடைக்க எனக்குத் தெரியும். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ அடுத்த அறையில் போய்ப் படு. கதவைத் திறந்தே வை. ஏதாவது என்றால் எழுப்புகிறேன், சத்தியமாக எழுப்புகிறேன்.

உன்,
இர்மா