போடப்பா

சேசு மரி சூசை துணை

அக்கரப்பத்தனை
11-2-1962, ஞாயிறு

அன்புள்ள மகன் அலோசியசுக்கு அப்பா இராயப்பன் எழுதிக்கொள்வது. இதை எழுதுகிற நேரம் வரைக்கும் நானும் உன் அம்மாவும் சவரிமுத்து மாமாவும் மாதா தயவில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மட்டக்களப்பில் நீயும் பவுலினும் பிள்ளைகள் இரண்டும் அதே மாதிரி இருக்க வேண்டுமென்று உன் அம்மா செபமாலையில் தினமும் பத்து மணி உங்களுக்கென்று தனியாக உருட்டுகிறாள். அவளுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, சொன்னால் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாள். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். பாய் கட்டிய சின்னப் படகு ஒன்று வாங்கப் போகிறாய், ஞாயிற்றுக்கிழமை பவுலினையும் பிள்ளைகளையும் ஏற்றி வாவிக்கு அக்கரையில் அவள் தாய் வீட்டுக்குப் போய் வர, இரண்டு படகு பார்த்திருக்கிறாய், எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்கிறாய். கடைசியில் இரண்டே வரி, ஐஸ் கம்பெனி பட்டறையில் உனக்குக் கீழே வேலை செய்யும் ஆள் ஜாக்கியை ஏற்றச் சொன்னால் இறக்கிவிட்டான், கன்னத்தைச் சேர்த்து ஒன்று விட்டேன், அதற்குப் பிறகு ஆள் ஒழுங்காக இருக்கிறான் என்று சிரிப்பாக எழுதியிருக்கிறாய். முதல் விஷயத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாவதைப் படித்தபோது நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கையை முறித்து அடுப்பில் வைத்திருப்பேன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் கடைசி வரைக்கும் படி.

பெரிய படகு உனக்கு வேண்டாம். இருபது அடி, உள்ளே படுக்க அறை, அடியில் இரும்புக்கட்டை தொங்குவதால் கவிழவே கவிழாது என்று விற்கிறவன் சொன்னானா, சொல்வான். உங்கள் வாவியில் பாதி இடம் இடுப்பளவு, கரையோரம் முழங்காலளவு என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த இரும்பு முதல் சேற்றிலேயே குத்திக்கொண்டு நிற்கும், நீ பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துதான் கரைக்குப் போவாய். அதுவும் போக உன் வீட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு மைல், போட்டுவிட்டு வந்தால் களவு போகும், ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் ஏற்றி கம்பெனி ஜீப்பில் கட்டி இழுத்து வர வேண்டும். அடியில் இரும்பு தொங்குவதை ட்ரெய்லரில் ஏற்ற ஆழமான தண்ணீர் வேண்டும், அது உன் கரையில் இல்லை. வெள்ளை அடித்த சின்னது இருக்கிறதே, பதினான்கு அடி, நடுவில் தூக்கி இறக்குகிற பலகை, அதுதான் உனக்கு. பலகையைத் தூக்கிவிட்டால் ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும், பிள்ளைகள் கணுக்கால் நனைய இறங்கலாம், நாலு பேர் சேர்ந்தால் அப்படியே தூக்கி ட்ரெய்லரில் வைத்துவிடலாம். பாய்மரத்தை நீயும் பவுலினும் மட்டும் நின்று நட முடிகிறதா என்று பார். பலகை நுழைகிற பெட்டியில்தான் முதலில் ஒழுகும், கரையில் வைத்தே அதற்குள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா பார். ட்ரெய்லர் சில்லு உருளும் அச்சில் ஒவ்வொரு முறை நனைந்த பிறகும் கிரீஸ் வைக்காவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஆனால் அந்தச் சின்னப் படகில் வலது பக்கம் தகரம் வைத்து அடித்திருக்கிறது, ஆணி கோணல்மாணலாகப் பதினேழு இருக்கிறது, மலைநாட்டுத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றதாம், எதிலோ மோதி உடைந்திருக்கும் போல, நம்பி ஏறலாமா என்று கேட்டிருக்கிறாய். அது எதிலும் மோதவில்லை மகனே. அந்தத் தகரத்தை வைத்து அடித்தது நான். அந்தப் பலகையைப் பிளந்ததும் நான்தான், கோடரியால்.

ஐம்பத்து மூன்றில் நீ ஹட்டனில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாய். சவரிமுத்து மாமா லொறியிலிருந்து விழுந்து காது போய்விட்டது, விரல் ஒடிந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம், உன் அம்மாவுக்கும் அதையே சொன்னோம். பொய். அப்போது நம் தோட்டத்தில் இருந்த துரை இந்தப் படகை வாங்கி வைத்திருந்தார், ஞாயிறு தோறும் நான் தோட்டத்து லொறியில் கட்டி லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாக் குளத்துக்கு இழுத்துப் போவேன், கிளீனராக மாமா கூட வருவான். நாங்கள் கரையோடு சரி. அந்த ஞாயிறு ஆடிக்காற்று பேயாக அடித்தது, துரைசாணியும் படகில் ஏறினாள், காற்றில் படகு சாயாமல் எதிர்ப்பாரத்துக்கு ஒரு ஆள் வேண்டுமென்று மாமாவை ஏற்றிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது துரைக்கு ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு, கரை கிட்ட வந்துவிட்டது. பலகையைத் தூக்கச் சொல்லி மாமாவைப் பார்த்துக் கத்தினார். போர்ட் அப், போர்ட் அப் என்று. அதை நீ வாய்விட்டுச் சொல்லிப் பார். மாமா காதில் போடப்பா, போடப்பா என்று விழுந்தது. பாதியில் நின்ற பலகையை இரண்டு கையாலும் அழுத்தி அடிமட்டம் வரைக்கும் போட்டுவிட்டான்.

பலகை கல்லில் போய்க் குத்தியது. படகு நின்ற இடத்திலேயே நின்றது, பாயின் அடிக்கட்டை சுற்றி வந்து துரையின் வாயில் அடித்தது, முன்பல் இரண்டும் போய்த் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தார். கரையில் நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மாமாவைத் தின்றது. துரை வாயெல்லாம் ரத்தமாக எழுந்து சுக்கான் பிடியைப் பிடுங்கி எடுத்து அவனை அடிக்க ஆரம்பித்தார். முதல் அடி இடது காதோடு விழுந்தது, தேங்காய் உடைகிற சத்தம் எனக்குக் கரையில் கேட்டது. தலையை மறைக்கக் கையைத் தூக்கினான், கையில் விழுந்தது. தண்ணீரில் விழுந்த பிறகும் முதுகில் விழுந்தது. துரைசாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். ட்ரெய்லர் கயிற்றை விடாமல் பிடி என்று சொல்லியிருந்தார்கள், பிடித்துக்கொண்டு நின்றேன். பதினைந்து அடி தூரம். உன் அம்மாவின் கூடப் பிறந்தவனை மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறான், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த ஒன்பது வருஷத்தில் சாமியார் முன்னால் முழந்தாளிட்ட ஒரு பாவசங்கீர்த்தனத்திலும் இதை என்னால் சொல்ல முடியவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா லொறியில் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வந்தான். அவன் சொன்னது இவ்வளவுதான், தொர வாயில அப்பான்னு வருதே, நம்மள மதிச்சு சொல்றாருன்னு சந்தோசமா போட்டேன் மச்சான் என்றான். மறுநாள் படகு நிறுத்தியிருந்த தோட்டத்துப் பட்டறைக்கு வீங்கின வாயோடு துரை வந்தார், உன் ஆளைப் பாஷை படிச்சுக்கிட்டு வரச் சொல்லு என்று தமிழில்தான் சொன்னார். விறகு பிளக்கிற கோடரி பக்கத்தில் இருந்தது. ஓங்கினேன். படகுக்கு ஓங்கவில்லை மகனே, ஆளுக்குத்தான் ஓங்கினேன், அவர் படகுக்கு அந்தப் பக்கம் குனிந்துவிட்டார், கோடரி பலகையில் இறங்கி மாட்டிக்கொண்டது. மறுபடி பிடுங்குவதற்குள் நாலு பேர் என்னைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நாலு பேரால்தான் நான் தூக்குமேடைக்குப் போகாமல் இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். போலீசுக்குப் போனால் குளத்தில் நடந்ததும் வெளியே வரும் என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சொல்லியிருப்பார், துரை வழக்குப் போடவில்லை. சாயங்காலத்துக்குள் படகை நீயே சரிசெய் என்று மட்டும் சொல்லியனுப்பினார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி அடித்தேன். ஆத்திரம் அடங்காமல் அடித்ததில் ஆணி கோணியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அந்தப் பதினேழு ஆணிதான் அதற்குச் சாட்சி.

அதனால் அந்தப் படகை நம்பி ஏறலாமா என்று கேட்டால், தாராளமாக ஏறலாம். வெட்டு ஒரே பலகையில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே. தகரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு நல்ல பலகைத் துண்டு வைத்து இடுக்கில் தார் அடைத்து அடி. ஆனாலும் என் வாயால் வாங்கு என்று சொல்ல மனசு வரவில்லை, அதனால் மாமாவையே கேட்டேன். உன் கடிதத்தை அவனுடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து படித்தேன், ஆணிக் கணக்கு வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னான். அப்புறம், வாங்கச் சொல்லுங்க மச்சான், அந்தப் படகு என்னய்யா பண்ணுச்சு, அதுவும் நம்மளோட சேந்து அடி வாங்குனதுதானே என்றான். உன் அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ஒன்பது வருஷம் என் தம்பி லொறியிலிருந்து விழுந்தான் என்று ஊரெல்லாம் சொல்ல வைத்தாயே பாவி என்று கையிலிருந்த அகப்பையால் என்னை அடித்தாள். வாங்கிக்கொண்டேன். மூன்று நாளாக மாமாவுக்கு மட்டும் சோறு போடுகிறாள், நானே போட்டுத் தின்கிறேன்.

படகை வாங்கு. ஆனால் இந்தப் படகில் ஒருவர் கத்த வேண்டும், இன்னொருவர் அதைக் கேட்டுச் செய்ய வேண்டும், காற்றில் பாதிச் சொல்தான் போய்ச் சேரும். பவுலின் ஒரு நாள் தூக்குவதற்குப் பதிலாக இறக்குவாள். பெரியவன் வளர்ந்ததும் அவனும் இறக்குவான். அப்போது உன் கை எங்கே இருக்கும் என்பதுதான் எனக்குப் பயம், ஜாக்கியை இறக்கியவன் கன்னத்துக்குப் போன கைதானே. போர்டு என்ற பேச்சே அந்தப் படகில் கூடாது. பலகை தூக்கு, பலகை இறக்கு என்று தமிழில் சொல், கரையிலேயே பத்துத் தரம் பழக்கிவிட்டுத் தண்ணீரில் இறக்கு. அப்படியும் ஒருத்தர் தவறாகச் செய்தால், சேற்றில் விழு, பல் போகட்டும், எழுந்து சிரி. கை ஓங்கினாய் என்று கேள்விப்பட்டால் மட்டக்களப்புக்கு வந்து அந்தப் படகை மறுபடி கோடரியால் பிளப்பேன், இந்தத் தடவை தகரம் அடிக்க மாட்டேன்.

பவுலினுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், தண்ணீரில் போகும்போதெல்லாம் மாதா உங்களுக்குக் காவலாக இருப்பாளாக. சித்திரை லீவுக்கு மாமா அங்கே வருகிறேன் என்கிறான், ஒரு தரம் அந்தப் பலகையைத் தன் கையால் தூக்கிப் பார்க்க வேண்டுமாம். அவனுக்கு வலது பக்கமாக நின்று பேசு. படகு வாங்கியதைப் பிறகு எழுதலாம், அவசரமில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே நீ அடித்த அந்த ஆளின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, காது கேட்கிறதா என்று கேட்டு வந்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் அப்பா,
இராயப்பன்